மறு: டை லைனுக்குத் தமிழ் என்ன? ‘இடைத்தடம்’ என்று முன்மொழிகிறேன்

அன்புள்ள குழும நண்பர்களுக்கு,

பல இடங்களில் இயங்கும் நிறுவனங்கள் தங்கள் இபிஏபிஎக்ஸ்களை (அலுவலகத்துக்குள் அழைப்புகளை இணைக்கும் தொலைபேசி நிலையங்களை) குறைந்த செலவில் ஒன்றோடொன்று கோத்துக்கொள்ளும் வழியை விளக்கி ஒரு கையேடு எழுதிவருகிறேன். அப்படி இரண்டு நிலையங்களை நேரே கோக்கும் டை லைனுக்குச் சொல் கிடைக்காமல் மூன்றாம் இயல் நிற்கிறது. இழையில் வந்த இரண்டு பரிந்துரைகளைப் பற்றி முதலில்.

> ‘இணையவழிக் கிளை இணைப்பு’ என்றால் யாருக்கும் புரியும்.

புரியும், ஐயா. ஆனால் வேறொன்றாகப் புரியும். இபிஏபிஎக்ஸுக்கு அடிப்படையான பிபிஎக்ஸ் (பிரைவேட் பிராஞ்ச் எக்ஸ்சேஞ்ச்) என்ற பெயரில் உள்ள ‘பிராஞ்ச்’ கிளை அலுவலகம் அன்று. பொதுத் தொலைபேசி நிலையத்தின் கிளையாக நம் கட்டடத்துக்குள் இருக்கும் நிலையம் என்பதே அதன் பொருள். கிளையே இல்லாத நிறுவனத்திலும் பிபிஎக்ஸ் உண்டு. ‘இணையவழி’யும் பொருந்தாது. இணையம் வருவதற்கு வெகுகாலம் முன்பே வாடகைக்கு எடுத்த செப்புக் கம்பியில் டை லைன் ஓடியது. பிறகு 30 குரல்களை ஒரே தடத்தில் சுமக்கும் ஈ1 என்ற டிஜிட்டல் இணைப்பு வந்தது. இன்று இணையவழி அழைப்பைத் தொடங்கி முடிக்கும் சிப் (SIP) நெறிமுறை. நாளை வேறொன்று வரும். ஊடகத்தைப் பெயரில் கட்டிவைத்தால் ஊடகம் மாறும்போதெல்லாம் பெயரையும் மாற்ற வேண்டும்.

> ‘பிணைப்பு’ என்று வைக்கலாமே? டை என்பதற்கு நேர்ப்பொருள்.

நேர்ப்பொருள்தான். ஆனால் எதை எதோடு பிணைப்பது என்று அந்தச் சொல் சொல்வதில்லை. இந்தச் சொல்லைத் தினமும் பார்க்கப்போகிறவர் பொறியாளர் மட்டும் அல்லர், தொலைபேசி அருகே ஒட்டிய தாளைப் பார்த்து எண்ணை அழுத்துபவரும்தான். அதை நான் நேரில் கற்றுக்கொண்டேன்.

ஓர் அலுவலகத்தையும் அதன் கிடங்கையும் இரண்டு பழைய கணினிகளில் ஆஸ்டெரிஸ்க் என்ற தொலைபேசி நிலைய மென்பொருளைப் போட்டு இணைத்துக் கொடுத்தேன். மென்பொருளுக்குக் காசில்லை, இணையச் சந்தா இரு பக்கமும் ஏற்கெனவே இருந்தது. வரவேற்பு மேசையில் ‘கிடங்கு இணைப்பு: 3-இல் தொடங்கும் எண்கள்’ என்று எழுதி ஒட்டினேன். இரண்டு மாதம் கழித்து அழைப்புப் பதிவைத் திறந்தால், கிடங்குக்குப் போன அழைப்பில் பெரும்பகுதி பொதுத் தொலைபேசி வழியாகவே போயிருந்தது. வரவேற்பில் இருந்த அம்மாவிடம் கேட்டேன். “இணைப்புன்னதும் புதுசா லைன் வாங்கியிருக்கீங்க, காசு கூட ஆகும்னு நெனச்சேன் சார். அதான் எப்பவும்போல 0 போட்டு அடிச்சேன்” என்றார். சிக்கனமாக இருக்க நினைத்துத்தான் அவர் அப்படிச் செய்திருக்கிறார். தவறு நான் எழுதிய சொல்லில் இருந்தது.

ஆகவே, அழைப்பு வெளியே போகவில்லை என்பதைப் பெயரே சொல்ல வேண்டும். என் முன்மொழிவு:

எக்ஸ்டென்ஷன் – உள்ளெண்
ட்ரங்க் லைன் (பொதுத் தொலைபேசிக்குப் போவது) – வெளித்தடம்
டை லைன் – இடைத்தடம்

உள், வெளி, இடை என்று மூன்றும் ஒரு குடும்பமாக நிற்கின்றன. ட்ரங்கைத் ‘தண்டு’ என்று மொழிபெயர்த்ததைப் பார்த்திருக்கிறேன். தொலைபேசியை நினைவுபடுத்தும் எதுவும் அதில் இல்லை. ‘உள்தடம்’ என்றும் ஒன்று வைக்க ஆசைப்பட்டேன். புணர்ச்சி விதிப்படி அது ‘உட்டடம்’ ஆகிவிடும், விட்டுவிட்டேன்.

சொல்லை வாக்கியத்தில் ஓடவிட்டுப் பார்க்காமல் முடிவு செய்யக் கூடாது என்பதால் கையேட்டின் வரைவிலிருந்து ஒரு பகுதி:

“இடைத்தடம் போடும் முன் எண் திட்டத்தைச் சரிசெய்யுங்கள். இரண்டு இடத்திலும் 201 என்ற உள்ளெண் இருந்தால் எந்த 201 என்று நிலையத்துக்குத் தெரியாது. ஓரிடத்துக்கு 2, அடுத்ததற்கு 3 என்று முதல் இலக்கத்தைப் பிரித்துவிட்டால், 3-இல் தொடங்கும் எண்களை எல்லாம் இடைத்தடத்தில் அனுப்பு என்ற ஒரே விதி போதும்.

பிறகு அலைவரிசைக் கணக்கு, அதாவது இணைப்பில் எவ்வளவு வேகம் ஒதுக்க வேண்டும் என்பது. குரலை எண்களாக மாற்றும் ஜி.711 முறையில் குரலின் வேகம் நொடிக்கு 64 கிலோபிட். 20 மில்லிநொடிக்கு ஒரு பொதி (பாக்கெட்) என்றால் குரல் 160 பைட், அதன் மேல் முகவரித் தலைப்புகள் 40 பைட். நொடிக்கு 50 பொதி, ஆக ஓர் அழைப்புக்கு 80 கிலோபிட். இடைத்தடத்தில் ஒரே நேரத்தில் 10 பேர் பேச வேண்டுமானால் ஒவ்வொரு திசையிலும் 800 கிலோபிட் ஒதுக்குங்கள். ஜி.729 முறையில் குரல் 20 பைட்டாகச் சுருங்கும், தலைப்பு அதே 40 பைட்தான். அதனால் 8 கிலோபிட் குரலுக்கு 24 கிலோபிட் செலவாகிறது. ஆஸ்டெரிஸ்க் நிலையங்கள் பேசிக்கொள்ளும் ஐஏஎக்ஸ்2 நெறிமுறையில் இரு நிலையங்களுக்கு இடையே ஓடும் பல அழைப்புகளின் குரலை ஒரே பொதியில் சேர்த்து அனுப்பலாம்; தலைப்புச் செலவு பகிரப்படும்.

மணி அடிக்கிறது, எடுத்தால் ஒருவர் பேசுவது மட்டும் கேட்கவில்லை என்றால் முதலில் ரௌட்டரைப் பாருங்கள். சிப் செய்தி ஒரு வழியில் போகும், குரல் வேறொரு வழியில் போகும். உள் வலையின் முகவரியைச் செய்திக்குள் எழுதி அனுப்பினால் எதிர்முனை அந்த முகவரிக்கே குரலை அனுப்பும், அது வந்து சேராது. இடைத்தடத்தை இணையத்தில் மறையாக்கித் தனியே ஓடும் விபிஎன்னுக்குள் ஓடவிட்டால் இந்தச் சிக்கலும் தீரும், ஒட்டுக்கேட்பும் தடுக்கப்படும்.”

இதில் ‘இடைத்தடம்’ வந்த இடங்களில் ‘பிணைப்பு’ என்று மாற்றிப் படித்துப் பாருங்கள். ‘பிணைப்பில் 10 பேர் பேச’ என்பது எனக்கு ஓடவில்லை. தடத்தில் ஆள் பேசலாம், அழைப்பு ஓடலாம், நெரிசல் ஏற்படலாம், தடம் அறுந்தும் போகலாம். வினைகள் இயல்பாக வந்து ஒட்டுகின்றன.

‘இடை’ என்பதை நடுத்தரம் என்று எடுத்துக்கொள்வார்களோ என்ற தயக்கம் எனக்கும் இருந்தது. ஆனால் இடைவெளியும் இடைமுகமும் ‘இரண்டுக்கு நடுவே’ என்ற பொருளில்தானே நிலைத்திருக்கின்றன? ஓர் இடத்தில் மட்டும் கவனம் வேண்டும். ‘இடையழைப்பு’ என்று சுருக்கினால் பேச்சின் நடுவே குறுக்கிடும் அழைப்பு என்றாகிவிடும். அதை ‘இடைத்தட அழைப்பு’ என்று முழுதாகவே எழுதுகிறேன்.

இன்னும் ஒரு சொல் தேவைப்படுகிறது. பழைய அனலாக் இபிஏபிஎக்ஸ் பெட்டியைத் தூக்கிப் போடாமலே இடைத்தடத்தில் சேர்க்க ஒரு சிறு கேட்வே (அனலாக் குரலை இணையப் பொதியாக மாற்றும் கருவி) வைக்கிறோம். அதில் இருவகைப் போர்ட்: தொலைபேசிக் கருவியைப் பார்த்து நிற்கும் எஃப்எக்ஸ்எஸ், நிலையத்தைப் பார்த்து நிற்கும் எஃப்எக்ஸ்ஓ. இவற்றை மாற்றிச் செருகினால் டயல் டோனே வராது. எஃப்எக்ஸ்ஓ பக்கம் எதிராளி வைத்துவிட்டதைக் கண்டுகொள்ளாவிட்டால் லைன் மணிக்கணக்கில் எங்கேஜ்டாகக் கிடக்கும். ‘கருவிமுகம்’, ‘நிலையமுகம்’ என்று தற்காலிகமாக எழுதிவைத்திருக்கிறேன். கேட்வேக்கு ‘நுழைவாயில்’ ஏற்கெனவே புழக்கத்தில் இருப்பதால் அதைத் தொடவில்லை.

‘இடைத்தட’த்துக்கு மறுப்பு இருந்தால் அதைவிடப் பொருந்தும் சொல்லை ஒரு வாக்கியத்தில் வைத்து எழுதுங்கள். தாளில் ஒட்டினால் அந்த அம்மாவுக்குப் புரியுமா என்று பார்த்துவிட்டே நான் ஏற்பேன். முகம் என்ற ஈறு போர்ட்டுக்குப் பொருந்துமா, ‘வாய்’ நல்லதா என்பதையும் வன்பொருள் பக்கம் வேலை செய்பவர்கள் சொல்ல வேண்டும்.

அன்புடன்