அம்மாவுக்கு ஏற்ற சைவ லக்சா எங்கே கிடைக்கும்?

சிங்கப்பூர் உறவுகளே, வணக்கம். அடுத்த வாரம் அம்மா ஊரிலிருந்து வருகிறார், சுத்த சைவம். லிட்டில் இந்தியாவின் தேக்காவில் தோசை, இட்லிக்குப் பஞ்சமில்லை. ஆனால் வாராவாரம் நான் ஆசையாகப் போய்ச் சாப்பிடும் கட்டோங் வட்டாரத்து லக்சாவின் ருசியை அவரும் ஒருமுறையாவது சைவமாகவே அறிய வேண்டும். தேங்காய்ப்பால் குழம்பு, வெட்டிப் போட்ட அரிசி நூடுல்ஸ், கரண்டியாலேயே அள்ளிச் சாப்பிடலாம். அவருக்கு நிச்சயம் பிடிக்கும்.

சிக்கல் என்னவென்றால், மேலே கிடக்கும் இறாலையும் சிப்பியையும் எடுத்துவிட்டால் அது சைவமாகிவிடாது. அரைத்த மசாலாவிலேயே காய்ந்த இறாலும் பெலாச்சான் என்ற இறால் விழுதும் இருக்கும். போனமுறை ஒரு கடையில் ‘சைவம்’ என்று சொல்லித் தந்தார்கள். பாதி சாப்பிட்ட பிறகுதான் அம்மாவுக்கு விஷயம் தெரிந்தது. அன்று அவர் முகம் வாடியதை என்னால் மறக்க முடியவில்லை.

வாட்டர்லூ ஸ்திரீட்டில் கிருஷ்ணன் கோயிலும் சீனர்களின் குவான் இம் கோயிலும் பக்கத்துப் பக்கத்தில் இருப்பதால், அங்கே கும்பிட்டுவிட்டு அருகிலுள்ள சீன சைவக் கடைகளில் சாப்பிடலாம் என்று நினைக்கிறேன். அங்கே லக்சா சாப்பிட்டவர்கள் யாராவது இருக்கிறீர்களா? ஞாயிறு காலை திறந்திருக்குமா? முட்டையும் சேர்க்காத கடை என்றால் இன்னும் நல்லது. கடைப் பெயரும் மாடி எண்ணும் சொன்னால் பெரிய உதவியாக இருக்கும்.