பைனரி ஹெடரைப் படிக்க ஸ்ட்ரக்ட்டா, ஷிஃப்ட்டா?

பாறைக்கோடு:
சி மொழியில் பைனரி கோப்பின் ஹெடரை (தொடக்கத்தில் உள்ள விவரப் பகுதியை) படிக்கப் பலரும் பைட் பைட்டாக எடுத்து, ஷிஃப்ட் செய்து (பிட்டுகளைத் தள்ளி) ஒட்டுகிறீர்கள். எதற்கு இந்தப் பாடு? ஃபீல்டுகளை அடுக்கி ஒரு ஸ்ட்ரக்ட் எழுதி, இடையில் வெற்றிடம் விடாமலிருக்க பேக்டு என்று போட்டு, கோப்பைப் படிக்கும் எஃப்ரீடில் நேராக அதற்குள் வாங்கினால் ஒரே வரியில் வேலை முடிந்தது. ஃபீல்டுகளின் பெயரைப் பார்த்தாலே ஃபார்மேட் புரியும். எக்ஸ்86, ஆர்ம், ரிஸ்க்-ஃபைவ் பிராசசர்கள் எல்லாமே இன்று லிட்டில் எண்டியனாகத்தான், அதாவது எண்ணின் கீழ் பைட்டை முதலில் வைத்துத்தான் ஓடுகின்றன. தப்பித்தவறி மேல் பைட்டை முதலில் வைக்கும் பிக் எண்டியன் வந்தால், மிஷினுக்கு ஏற்பக் கோடைத் தேர்ந்தெடுக்கும் ஒரு இஃப்டெஃப் போட்டுத் திருப்பிக்கொள்ளலாம். இல்லாத மிஷினுக்கு நான் ஏன் கோடு எழுத வேண்டும்?

தாழைமடல்:
இல்லாத மிஷினா? ஐபிஎம்மின் மெயின்ஃப்ரேம் வகையான எஸ்390எக்ஸ் பிக் எண்டியன்தான், டெபியன், ஃபெடோரா லினக்ஸ்களும் அதற்கு வெளிவந்துகொண்டுதான் இருக்கின்றன. சரி, அதை விடுங்கள். எல்லா மிஷினும் லிட்டில் எண்டியன் என்றே வைத்துக்கொள்வோம். பிஎன்ஜி கோப்பில் நீளங்கள் பிக் எண்டியன். ஐபி, டிசிபி ஹெடர்களும் அப்படியே. ஜிப், பிஎம்பி இரண்டும் லிட்டில் எண்டியன். டிஃப் கோப்பு இரண்டு விதமாகவும் வரும், முதல் இரண்டு பைட்டைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். ஆக, உங்கள் மிஷின் எப்படி வைத்துக்கொள்கிறது என்று கேட்பதே வீண். கோப்பு எப்படி இருக்கிறது என்று கேளுங்கள்.

கோப்பில் 78 56 34 12 என்று நான்கு பைட்டுகள். ஃபார்மேட் லிட்டில் எண்டியன். முதல் பைட் அப்படியே, இரண்டாவதை 8 பிட் இடப்பக்கம் தள்ளு, மூன்றாவதை 16, நான்காவதை 24. எல்லாவற்றையும் ஆர் செய்தால் (பிட் பிட்டாகச் சேர்த்தால்) ஹெக்ஸில் 12345678. ஷிஃப்ட் மதிப்பின் மேல் நடக்கிற கணக்கு, மெமரியில் எந்த பைட் எங்கே கிடக்கிறது என்று அது பார்ப்பதில்லை. எந்த மிஷினிலும் இதே விடைதான். இதில் இஃப்டெஃப்புக்கு எங்கே வேலை?

பாறைக்கோடு:
நாலு லோடு, மூணு ஷிஃப்ட், மூணு ஆர். என் வழியில் ஒரே லோடு. லட்சக்கணக்கான ரெக்கார்டு படிக்கும்போது இது சும்மா இல்லை.

தாழைமடல்:
கம்பைலர் உருவாக்கிய மிஷின் கோடைக் காட்டும் ஆப்ஜ்டம்பைத் திறந்து பார்த்துவிட்டுச் சொல்லுங்கள். ஜிசிசி, கிளாங் கம்பைலர்கள் இரண்டுமே ஆப்டிமைசேஷனில் இந்த வடிவத்தை அடையாளம் கண்டு, எக்ஸ்86-64இல் ஒரே மூவ் ஆக்கிவிடும். பிக் எண்டியன் தரவென்றால் கூட பைட் வரிசையைத் திருப்பும் ஒரு பிஸ்வாப், அவ்வளவுதான். பேக்டு என்பதோ சி மொழித் தரத்திலேயே இல்லை. ஜிசிசிக்கு ஒரு விதம், மைக்ரோசாஃப்ட் கம்பைலருக்கு வேறு விதம். அந்த ஃபீல்டின் முகவரியை எடுத்து வேறு ஃபங்ஷனுக்கு அனுப்பினால், ஸ்பார்க் மாதிரி அலைன்மென்ட்டில் (எண் எந்த முகவரியில் தொடங்கலாம் என்பதில்) கறாரான மிஷினில் பஸ் எரர் வந்து நிற்கும்.

குறுஞ்சிப்பு:
தாழைமடல் சொன்ன வழி சரி, ஆனால் சொன்னபடியே எழுதினால் அதிலும் ஒரு குழி இருக்கிறது. 8 பிட் அன்சைன்ட் வகையான யூஇன்ட்8_டி எந்தக் கணக்குக்குள் நுழைந்தாலும் முதலில் சைன்ட் வகையான இன்ட் ஆகிவிடும். நான்காவது பைட் ஹெக்ஸில் 80 அல்லது அதற்கு மேல் இருந்தால், 24 பிட் தள்ளும்போது 32 பிட் இன்ட்டின் குறி பிட்டில் போய் விழும். தரத்தின்படி அது வரையறுக்கப்படாத நடத்தை (அன்டிஃபைன்ட் பிஹேவியர்). நடைமுறையில் பெரும்பாலும் எதிர்மறை எண் கிடைக்கும். அதை அப்படியே 64 பிட் மாறியில் போட்டால் மேல் 32 பிட்டும் 1 ஆகிவிடும். ஃபீல்டு கோப்பின் அளவாக இருந்தால் 2 ஜிபி வரை டெஸ்ட் எல்லாம் பச்சை, அதற்கு மேல் கூத்து. ஏவிஆர் மைக்ரோகண்ட்ரோலரில் இன்ட் 16 பிட்தான், அங்கே 24 தள்ளுவதே செல்லாது. ஒவ்வொரு பைட்டையும் முதலில் யூஇன்ட்32_டி ஆக காஸ்ட் செய்து, பிறகு தள்ளுங்கள்.

இரண்டு யூஇன்ட்16_டியைப் பெருக்குவதும் இதே கதை. 65535ஐ 65535ஆல் பெருக்கினால் 4294836225. 32 பிட் இன்ட் 2147483647 வரைதான் தாங்கும். இரண்டுமே அன்சைன்ட், ஆனாலும் ஓவர்ஃப்ளோ நடப்பது சைன்ட் கணக்கில்!

மேகவாணி:
இதனால்தான் நான் இன்ட், லாங் என்று எழுதுவதையே விட்டுவிட்டேன். 64 பிட் லினக்ஸில் லாங் 64 பிட், 64 பிட் விண்டோஸில் 32. இதை நம்பி யார் எழுதுவது? எல்லா இடத்திலும் இன்ட்32_டி, இன்ட்64_டி.

குறுஞ்சிப்பு:
எல்லா இடத்திலும் என்பதில்தான் எனக்கு உடன்பாடில்லை. அர்ரே இன்டெக்ஸுக்கு சைஸ்_டி இருக்கிறது. பத்து வரை எண்ணுகிற லூப்புக்கு இன்ட் போதும், தரமே அதற்குக் குறைந்தது 16 பிட் உறுதி தருகிறது. சரியாக இத்தனை பிட் என்கிற வகைகள் எல்லா மிஷினிலும் இருந்தாக வேண்டும் என்றும் இல்லை. டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் சி2000 சிப் வரிசையில் சார் 16 பிட், அதனால் யூஇன்ட்8_டி அங்கே கிடையாது. இன்ட்_ஃபாஸ்ட்16_டி பெயரைப் பார்த்து ஸ்ட்ரக்ட்டுக்குள் போடுகிறவர்களும் உண்டு. 64 பிட் லினக்ஸில் சி லைப்ரரியான கிளிப்சி அதை 8 பைட்டாக வைத்திருக்கிறது.

மேகவாணி:
சி2000இல் நான் எழுதப்போவதில்லை. என் டீமில் ஆளுக்கு ஒரு வகை போட்டு, ரிவ்யூவில் அடித்துக்கொள்வதைவிட ஒரே விதி மேல்.

பாறைக்கோடு:
சரி, ஒன்று கேட்கிறேன். என் கோப்பு வெறும் கேஷ். எழுதுவதும் படிப்பதும் அதே மிஷினில் அதே புரோகிராம். அதற்கும் ஷிஃப்ட்டா?

தாழைமடல்:
முதலிலேயே கேஷ் என்று சொல்லியிருக்கலாமே! அதற்கு ஸ்ட்ரக்ட் போதும். தொடக்கத்தில், பைட் வரிசை மாறினால் தெரிய ஹெக்ஸில் 01020304 என்ற எண்ணையும் ஸ்ட்ரக்ட்டின் சைஸ்ஆஃபையும் எழுதி வையுங்கள். படிக்கும்போது இரண்டில் ஒன்று ஒத்துப்போகாவிட்டால் கோப்பை அழித்துவிட்டுப் புதிதாக உருவாக்குங்கள். ஆனால் அடுத்தவருக்கு அனுப்புகிற கோப்பில் இந்த வேலை ஆகாது.

பாறைக்கோடு:
அந்த எண்ணைச் சேர்த்துக்கொள்கிறேன், சைஸுக்கு, கம்பைல் ஆகும்போதே சரிபார்க்கும் ஸ்டாட்டிக் அசெர்ட் ஏற்கெனவே இருக்கிறது. அனுப்புகிற கோப்பு விஷயத்தில் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. நாற்பது ஃபீல்டுக்கு நாற்பது வரி, அதில் ஒரு ஆஃப்செட் மாறினால் கண்டுபிடிப்பது யார்?

குறுஞ்சிப்பு:
ஆஃப்செட்டைக் கையால் எழுதாதீர்கள். 32 பிட் படிக்க ஒரு ஃபங்ஷன், 16க்கு ஒன்று. படித்ததும் பாயின்டரை அதுவே நகர்த்தட்டும். அப்புறம் எஸ்390எக்ஸுக்கு பில்ட் செய்து, வேறு மிஷினைப் போல நடிக்கும் கியூஇமுவில் அதே டெஸ்ட்டை ஓட்டுங்கள். அன்டிஃபைன்ட் பிஹேவியர் சானிடைசரையும் போட்டால், காஸ்ட் மறந்த 24 பிட் ஷிஃப்ட்டை வரி எண்ணோடு காட்டும். மாதிரிக் கோப்பில் நான்காவது பைட் ஹெக்ஸில் 80 அல்லது அதற்கு மேல் உள்ள ஒரு ஃபீல்டாவது இருக்க வேண்டும், இல்லாவிட்டால் அதுவும் வாயைத் திறக்காது.