கலியாண மண்டப அம்ப் (அம்ப்ளிஃபயர்), பள்ளிவாசல் அம்ப் வீட்டில பூட்டினாக்கள் உங்கட அனுபவத்தைச் சொல்லுங்கோ

வெள்ளவத்தை மூண்டாம் மாடி

ஹோம் அம்ப் ஒண்டின்ர விலைக்கு றாக் அம்ப் (மண்டபங்களில இரும்புச் சட்டத்தில பூட்டுறது) ரெண்டு வாங்கலாம் எண்டு இங்க எல்லாரும் சொல்லிச் சொல்லி நானும் இறங்கினன். ஒரு மண்டபத்தைத் திருத்தேக்க கழட்டின சாமான். இடம், வலம் எண்டு ஒவ்வொரு சனலுக்கும் 300 வாட். பகல் பூட்டிக் கேட்டன், ஆகா. காலி வீதி பஸ் சத்தத்துக்குள்ள அதின்ர ஃபான் ஊதுறதே தெரியேல்ல.

ராத்திரி எல்லாரும் படுத்தாப் பிறகு வீணை ஒண்டை மெல்லமாப் போட்டன். ஃபான் ஊதுது, சரி, சகிச்சன். ஆலாபனை ஏறி வந்து ஒரு சுரத்தில நிக்குது. அந்த இடத்தில "டிக்". பாட்டு இல்லை. முன்னால பச்சையா நிண்ட லைட் செம்மஞ்சள். வொலியூமைக் கூட்டினன், திரும்ப "டிக்", வீணை வந்துது. கொஞ்ச நேரம் போக மறுபடியும் அதே கதை.

பிறகுதான் விளங்கிச்சு. ஆளில்லாத மண்டபத்தில கரண்ட் வீணாப் போகாமல், சிக்னல் இல்லையெண்டா தானாப் படுக்கிற மாதிரிச் செய்து வச்சிருக்கினம். நான் ராத்திரி கேக்கிற அளவை அது சத்தமெண்டே மதிக்கேல்ல. மனிசி உள்ளுக்க இருந்து சொல்லுறா, "அதுக்கே நித்திரை வந்திட்டுது, நீங்களும் வந்து படுங்கோவன்."

பின்னால நாலு குட்டிச் சுவிட்ச் இருக்கு, எழுத்தெல்லாம் அழிஞ்சு போச்சு. எது எண்டு ஆருக்கும் தெரியுமோ?

கொட்டாஞ்சேனை தவில்

அண்ணை, அந்தக் குட்டிச் சுவிட்ச்தான் என்னையும் மூண்டு மாசம் அலைக்கழிச்சது. பாஸ், அதான் தாழ்ந்த சத்தம், இல்லை. சுத்தமா இல்லை. ஸ்பீக்கரைக் குறை சொன்னன், ஃபோம் மாத்தினன், வயரைத் தடிப்பாக்கினன், சுவரோட ஒட்டி வச்சன். ஒண்டும் சரிவரேல்ல.

எங்கட கோயில் கச்சேரிப் பதிவு ஒண்டு இருக்கு, நான் வாசிச்சது. அதில தவிலின்ர தொப்பி, அதான் தடியால அடிக்கிற தாழ்ந்த சத்தப் பக்கம், எனக்கு மனப்பாடம். வலந்தலை சலசலவெண்டு கேக்குது, தொப்பி அட்டைப் பெட்டியில தட்டின மாதிரி. ஒருநாள் தூசி துடைக்கேக்க விரல் பட்டு ஒரு சுவிட்ச் இறங்கிச்சு. தொப்பி விழுந்துது பாருங்கோ, கண்ணாடி அலுமாரி அதிர்ந்துது.

80 ஹேர்ட்ஸுக்குக் கீழ வெட்டுற சுவிட்சாம் அது. மண்டபங்களில நிறைய ஸ்பீக்கரைத் தூரத் தூரப் பூட்டுற 100 வோல்ட் லைனில ஓடுற ஸ்பீக்கர் ஒவ்வொண்டிலயும் ஒரு ட்ரான்ஸ்ஃபோமர் இருக்கு; தாழ்ந்த சத்தம் போனா அதின்ர இரும்பு தாங்காது. அதுக்காக வச்சது. வீட்டு ஸ்பீக்கரில ட்ரான்ஸ்ஃபோமர் எங்க இருக்கு?

300 வாட்டுக்குப் பயப்பிடாதேங்கோ, முன் குமிழைப் பாதியில வச்சா பாதிப் பவர்தான் வரும்.

தெஹிவளை

2022 மின்வெட்டு நேரம். அம்பின்ர சுவிட்சை நிப்பாட்ட மறந்து படுத்திட்டன். விடிய கரண்ட் வர, அம்புக்கு முன்னால பூட்டின ப்ரீஅம்பும் அம்பும் ஒண்டாக் கிளம்பி "டம்" எண்டு ஒரு அடி. ஸ்பீக்கர் தப்பிச்சுது. தொட்டில்ல கிடந்த பிள்ளை நாலு மணியில இருந்து நித்திரை கொள்ளேல்ல. அவ்வளவுதான் என்ட கதை.

தெமட்டகொடை நானா

எங்கட பள்ளிக்குப் புது அம்ப் வந்த நேரம் பழையத நான் கேட்டு எடுத்தேன். 120 வாட், மைக் ஓட்டை நாலு. பின்னால ஸ்பீக்கர் பூட்ட பொது, 4, 8, 100 எண்டு ஸ்க்ரூ வரிசை. நான் 100 எண்டா பெரிசு, நல்லா இருக்கும் எண்டு வாப்பாட பழைய 8 ஓம் ஸ்பீக்கர அதுல பூட்டினேன். சிரிக்க வேணாம்.

அரை நிமிசம் பாட்டு வந்தது, பெரிய சத்தமா. அதுக்குப் பிறகு வாசம். சாம்பிராணி மாதிரி தொடங்கி, எரிஞ்ச பிளாஸ்டிக்குக்குப் போச்சு. ஸ்பீக்கருக்கு நடுவால ஒரு நூல் புகை நேரா மேல போறத நான் பாத்துக் கொண்டே நிக்கிறேன், கை சுவிட்சுக்குப் போகல.

பிறகு ஒரு தம்பி கணக்குப் போட்டுக் காட்டினார். 100 வோல்ட்டில 8 ஓம் எண்டா 1250 வாட் கேக்கும். 120 வாட் அம்புக்கு அந்த ஸ்க்ரூவுல 83 ஓமுக்குக் குறையப் போடவே ஏலாது. அம்பும் போச்சு. வாப்பா ஒண்டும் சொல்லல, அதுதான் இன்னும் மனசுக்குள்ள கிடக்கு.

மருதானை பழைய சவுண்ட்காரன்

தவில் தம்பி சொன்னது பிழை, விட்டிட்டுப் போக ஏலாது. முன் குமிழ் பவரைக் குறைக்கிற சாமான் இல்லை, உள்ள வாற சிக்னலைக் குறைக்கிறது. 1.4 வோல்ட்டுக்கு முழுப் பவர் தாற அம்புக்கு 2 வோல்ட் தாற சீடி பிளேயரைப் பூட்டினா, குமிழை மூண்டு டெசிபெல் இறக்கினாலும் 300 வாட்டும் வரும். இன்னும் இறக்கி வைக்கலாம், ஆனா "பாதிக் குமிழ் பாதிப் பவர்" எண்டு நம்பி ஆரும் சின்ன ஸ்பீக்கரைப் பூட்டாதேங்கோ.

வயரிங்கும் சொல்லுறன். சிக்னல் உள்ள போற பச்சை ஸ்க்ரூ பிளக்கில பிளஸ், மைனஸ், கிரவுண்ட் எண்டு மூண்டு ஓட்டை இருக்கும். வீட்டு ஜாக்கின்ர நடு ஊசி பிளஸுக்கு, மேல் வலை மைனஸுக்கு; மைனஸையும் கிரவுண்டையும் சின்ன வயரால சேர்த்து விடுங்கோ. மைனஸைச் சும்மா விட்டா இரைச்சல் வரும். இந்தச் சள்ளையே வேண்டாமெண்டா க்ரௌன் கொம்பனியின்ர எக்ஸ்எல்எஸ் 1002 மாதிரி வீட்டு ஜாக் நேர பூட்டுற ஆர்சிஏ ஓட்டை உள்ளதா எடுங்கோ. ஃபான் சத்தம் ஒத்துவராட்டி அதே க்ரௌனின்ர டி-75 தேடுங்கோ, வாட் குறைவு, ஃபான் இல்லை. போடேக்க அம்ப் கடைசி, நிப்பாட்டேக்க அம்ப் முதல். தெஹிவளைக்கும் இதுதான்.

"ம்ம்ம்" எண்டு 50 ஹேர்ட்ஸ் இரைஞ்சா முதல் வேலை, டீவி கேபிளைக் கழட்டிப் பாருங்கோ. அனேகமா அதுதான். இரைச்சலை நிப்பாட்ட எண்டு கரண்ட் பிளக்கின்ர ஏர்த் ஊசியை மட்டும் வெட்டாதேங்கோ. நான் வெட்டினவன். மழை நாள், வெறுங்கால், சீமெந்து நிலம். வொலியூம் திருப்பப் போன கையை அம்ப் விடேல்ல. மச்சான் வந்து பிளக்கைப் பிடுங்கினான். இப்பவும் றாக் ஒண்டைத் தொட முதல் புறங்கையாலதான் தட்டிப் பாக்கிறன்.

வெள்ளவத்தை மூண்டாம் மாடி

நான் எந்தச் சுவிட்ச் எண்டுதான் கேட்டனான் அண்ணை. 🙂

மருதானை பழைய சவுண்ட்காரன்

ஃபோட்டோ போடாமல் எப்பிடிச் சொல்லுறது தம்பி? அம்பை நிப்பாட்டிப் போட்டு ஒவ்வொண்டா மாத்திப் பாரும். நாலையும் ஒரேயடியாக் கிண்டாதேயும். அதில ஒண்டு ரெண்டு சனலையும் ஒண்டாக்கிற பிரிட்ஜ் சுவிட்சா இருந்தா உம்மட ஸ்பீக்கர் என்ட கணக்கில்லை.

வெள்ளவத்தை மூண்டாம் மாடி

இடப் பக்கத்தில இருந்து மூண்டாவது. நேற்று ராத்திரி முழுக்க ஒரு "டிக்" இல்லை. ஃபான் மட்டும் ஊதிக்கொண்டே இருக்கு.

கொட்டாஞ்சேனை தவில்

அந்த மண்டபத்தில இன்னொண்டு கிடக்கோ? என்ன விலை சொன்னவை?