50 மிமீ லிப்ட் ஜிம்னி முன்னுக்குப் பதியுது, எந்த ஸ்பிறிங் போடலாம்?

நெல்லியடி ஜிம்னி:
சுசுக்கி ஜேபி43 ஜிம்னி ஜீப். நாலு சில்லுக்கும் 50 மிமீ லிப்ட் (உயர்த்துற) ஸ்பிறிங் பூட்டினபோது மட்டமா நிண்டது. பிறகு இரும்பு புல்பாரும் (முன் காப்புச் சட்டம்) வின்சும் (இழுவைப் பொறி) ஏத்தினது, ரெண்டும் சேர்த்து 75 கிலோ. இப்ப பின்பக்கத்தைவிட முன்பக்கம் 25 மிமீ பதிஞ்சு நிக்குது. மணற்காட்டு மணலுக்குள்ள இறங்கினா மூக்குக் குத்துது. ஸ்பேசர் (ஸ்பிறிங்கோட வைக்கிற தடிப்பு வளையம்) போதுமோ, ஸ்பிறிங்கையே மாத்தவேணுமோ?

பருத்தித்துறை கராச்:
தம்பி, வாங்க முதல் அளவுங்கோ. சீமெந்துத் தரை, ரயர்களுக்குச் சரியான காற்று, டாங்கி நிறையப் பெற்றோல் (40 லீற்றர், கிட்டத்தட்ட 30 கிலோ, அது பின்னுக்கு இருக்கிற பாரம்). வாகனத்தைக் கொஞ்சம் முன்னுக்கும் பின்னுக்கும் உருட்டிப்போட்டு, சில்லின்ர நடுவில இருந்து மட்காட் விளிம்பு வரை நாலு மூலையும் எழுதுங்கோ. நிலத்தில இருந்து அளந்தா ரயர்த் தேய்வும் கணக்கில கலந்திடும்.

இனி பாரத்தைப் பாருங்கோ. புல்பாரும் வின்சும் முன் அச்சுக்கு 60 செமீ முன்னுக்குத் தொங்குது எண்டு வையுங்கோ. அச்சுகளுக்கு இடையில 2250 மிமீ. நெம்புகோல் மாதிரி 75 கிலோ முன் அச்சை 95 கிலோவா அமத்தும், பின் அச்சில 20 கிலோ குறையும். ஒரு அச்சில ரெண்டு ஸ்பிறிங், ஒவ்வொண்டும் மிமீக்கு 2.5 கிலோ எண்டா முன்னுக்கு 19 மிமீ இறங்கும், பின்னுக்கு 4 எழும்பும். முன்னுக்கும் பின்னுக்கும் வித்தியாசம் 23. உங்கட 25க்குக் கிட்ட வந்திட்டுது, அப்ப ஸ்பிறிங் சோரேல்லை.

இந்தப் பாரம் கழட்டாமல் எப்பவும் நிக்கப்போகுது. அதனால ஸ்பேசரை நான் சொல்லமாட்டன். அது உயரத்தைத் தரும், விறைப்பைத் தராது, மூக்கு ஆடுறது ஆடிக்கொண்டுதான் இருக்கும். முன் சோடியை மட்டும் மாத்துங்கோ, 100 கிலோ நிரந்தரப் பாரத்தோட 50 மிமீ லிப்ட் தாற ஸ்பிறிங் எண்டு கேட்டு வாங்குங்கோ. கம்பித் தடிப்பைக் கண்ணால பார்த்து எடுக்கவேண்டாம்: சுருளின்ர சுத்தும் விட்டமும் அதேயா இருந்தா 12 மிமீ கம்பி 13 ஆனாலே விறைப்பு ஏறத்தாழ 38 வீதம் கூடும்.

நெல்லியடி ஜிம்னி:
அளந்தன் அண்ணை. முன்னுக்கு வலது பக்கம் இடதைவிட 8 மிமீ குறைவு.

தொண்டைமானாறு:
முன் ஸ்பிறிங் ரெண்டையும் இடம் மாத்திப் பூட்டி அளவுங்கோ. சரிவு இடதுக்குப் போனா பிழை ஸ்பிறிங்கில, வலதிலேயே நிண்டா புஷ்ஷை (இணைப்புகளில இருக்கிற ரப்பர்) பாருங்கோ. கடல் மண்ணில ஓடுற வாகனம், ஸ்பிறிங் இருக்கிற தட்டில கறள் தின்றிருக்கோ எண்டும் சுரண்டிப் பாருங்கோ.

பூட்டேக்க சேஸிக்குக் கீழ ஸ்டாண்ட் வையுங்கோ, ஜக்கை மட்டும் நம்பவேண்டாம். அச்சைப் பதிக்கேக்க பிரேக் ஹோஸில தொங்க விடாதேங்கோ. ரேடியஸ் ஆம் (அச்சைச் சேஸியோட பிடிக்கிற கை) போல்ட்டுகளை வாகனம் சில்லில நிண்ட பிறகுதான் கடைசியா இறுக்கவேணும். அந்தரத்தில தொங்கேக்க இறுக்கினா ரப்பர் முறுகினபடி நிக்கும், அளவும் பொய் சொல்லும், கொஞ்சநாளில புஷ் கிழியும்.

முன்பக்கம் எழும்ப கேஸ்டர் (ஸ்டியரிங் திரும்புற அச்சின்ர பின்சாய்வு) இன்னும் குறையும். திருப்பினபிறகு ஸ்டியரிங் தானா நேருக்கு வரேல்லையெண்டா கேஸ்டர் புஷ் போடுங்கோ. ஹெட்லைற்றையும் திரும்பச் செற் பண்ணுங்கோ.