புதுப்பிப்பு: கியர் விழுகிறது, பழைய பிக்கப் நகரவில்லை

முன்பு கிளட்ச் மேல்தான் சந்தேகம் என்று எழுதியிருந்தேன். அது தவறு. முன் ஹப்களை (முன்சக்கரத்தை அதன் அச்சோடு இணைக்கும் பூட்டுகள்) பூட்டி 4எச்-இல் (நான்கு சக்கர இழுவை) போட்டதும் முன்சக்கர இழுவையில் வண்டி நகர்ந்தது. அப்படியானால் கிளட்ச், கியர்பாக்ஸ் சரி. 2எச்-இல் (பின்சக்கர இழுவை மட்டும்) பின் புரொப்பல்லர் ஷாஃப்ட் (பின் ஆக்ஸிலுக்கு விசை கொண்டுபோகும் தண்டு) சுற்றுகிறது, சக்கரம் சுற்றவில்லை. எனவே கோளாறு பின் ஆக்ஸிலுக்குள் (பின்சக்கர அச்சுக்குள்).

முன்சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, பின்பக்கத்தை ஸ்டாண்டில் நிறுத்தி, கியரில் போட்டு, ஹேண்ட்பிரேக்கை விடுவித்து ஒரு சக்கரத்தைச் சுற்றினால் மற்றது எதிர்த்திசையில் சுற்ற வேண்டும். சுற்றவில்லை. கழற்றியதில் வலது ஆக்ஸில் ஷாஃப்ட் ஸ்ப்ளைன் (முனையிலுள்ள பல்வரிசை) அருகே முறிந்திருந்தது. சாதாரண டிஃபரன்ஷியலில் (விசையை இரு சக்கரங்களுக்கும் பிரிக்கும் பல்சக்கரத் தொகுதி) ஒரு பக்கம் முறிந்தாலே போதும், விசை முழுக்க அங்கே வீணாகும்.

ஆக்ஸில் ஆயில் வடிகால் மூடியின் காந்தத்தில் சாம்பல் நிறப் பசை இருந்தால் பரவாயில்லை. உலோகச் சில்லு இருந்தால் டிஃபரன்ஷியலையும் பிரிக்கணும். புது ஷாஃப்டோடு ஆயில் சீலும் மாற்றுங்கள். செமி ஃப்ளோட்டிங் ஆக்ஸிலென்றால் (ஷாஃப்டே சக்கரத்தையும் தாங்கும் வகை) முறிந்த ஷாஃப்டோடு 4எச்-இல் ஓட்டாதீர்கள், சக்கரமே கழன்றுவிடலாம்.