ஈய மோதலில் எதிர் ஜெட் எங்கே போகிறது?

கேள்வி: 2010-ல் செர்ன் ஆய்வகத்தில் ஈய அணுக்கருக்களை மோதவிட்டபோது அட்லஸ் என்ற துகள் உணர்கருவி பதிவுசெய்த படம் ஒன்றைப் பார்த்தேன். ஒரு பக்கம் 100 ஜிஇவிக்கு (துகள் ஆற்றலின் அலகு) மேல் ஆற்றலுள்ள ஜெட், அதாவது ஒரே திசையில் பாயும் துகள் கூட்டம். எதிர்ப்பக்கம் கிட்டத்தட்ட ஒன்றுமே இல்லை. அந்த ஆற்றல் எங்கே போச்சு அண்ணா?

பதில்: எங்கேயும் தொலையவில்லை தம்பி. மோதலில் குவார்க்குகளும், அவற்றைப் பிணைக்கும் குளுவான்களும் கலந்த சூடான பிளாஸ்மா உருவாகிறது. எதிரெதிராகப் பறக்கும் குவார்க் ஜோடியிலிருந்துதான் இரண்டு ஜெட்டுகளும் வருகின்றன. பிளாஸ்மாவின் ஓரத்தில் ஜோடி பிறந்தால் ஒரு குவார்க் சட்டென வெளியே வந்துவிடும். மற்றது முழு அகலத்தையும் கடக்கணும். வழியெல்லாம் குளுவான்களை உமிழ்ந்து இளைத்துப்போகும். செர்னின் இன்னொரு உணர்கருவியான சிஎம்எஸ்ஸின் குழு விடாமல் தேடியது. மீதி ஆற்றல் ஜெட்டின் கூம்புக்கு வெகு வெளியே, உந்தம் குறைந்த துகள்களாகச் சிதறிக் கிடந்தது! இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்த அளவீடு இதுதான்.

இன்னொருவர்: பிளாஸ்மாதான் காரணம் என்று எப்படி உறுதி? அணுக்கருவே விழுங்கியிருக்கலாமே?

பதில்: அவசியம் கேட்க வேண்டிய கேள்வி. 2003-ல் அமெரிக்காவின் புரூக்ஹேவன் ஆய்வகத்தில் டியூட்டிரானை (ஒரு புரோட்டானும் ஒரு நியூட்ரானும் கொண்ட சிறு அணுக்கரு) தங்க அணுக்கருவோடு மோதிப் பார்த்தார்கள். இதில் அணுக்கரு உண்டு, ஆனால் பெரிய பிளாஸ்மா உருவாகாது. எதிர் ஜெட் அப்படியே இருந்தது. தங்கமும் தங்கமும் நேருக்கு நேர் மோதியபோதுதான் மறைந்தது. தம்பி, அடுத்து ஒரு பக்கம் ஃபோட்டானும் (ஒளித்துகள்) எதிர்ப்பக்கம் ஜெட்டும் வரும் ஃபோட்டான்–ஜெட் ஜோடிகளைப் படியுங்கள். குவார்க்குகளைப் பிணைக்கும் வலுவிசை ஃபோட்டானைத் தொடாது; அதனால் அது பிளாஸ்மாவில் இளைக்காமல் வெளியே வரும். அதன் ஆற்றலை அளந்தாலே, ஜெட் எவ்வளவோடு புறப்பட்டது என்பது ஏறக்குறையத் தெரிந்துவிடும்.