ஃபிரேம் இல்லாத பை: பாயை மடிக்கிறதா, சுருட்டுறதா?

மட்டிப்பழம்
விவாதத்துக்கு ஒரு கணக்கு வைக்கிறேன். காட்டு நடைக்கு, முதுகுப் பக்கம் விறைப்பான சட்டம் (ஃபிரேம்) இல்லாத 38 லிட்டர் முதுகுப்பை. உள் அறை 30 செ.மீ. அகலம், 18 செ.மீ. ஆழம், 55 செ.மீ. உயரம், மீதி வெளிப்பாக்கெட்டும் மேல் கழுத்தும். மூணு பகல், ரெண்டு ராத்திரி. தண்ணி, சாப்பாடு எல்லாம் சேர்த்து 8.5 கிலோ. ராத்திரி படுக்க 8 மி.மீ. ஃபோம் பாய், 50-க்கு 180 செ.மீ. இடுப்புப் பட்டை வெறும் 20 மி.மீ. நாடா.

இந்தப் பைக்கு வர்ற புகார் மூணுதான். ஒரு மணி நேரத்துல தோள் இழுக்கும், பை நெல்லுச் சாக்கு மாதிரி கீழே உக்காரும், முதுகுல ஏதாவது குத்தும். பாயை முதுகோட ஒட்டி மடிச்சு வைக்கணுமா, பைக்குள்ள குழாயா சுருட்டி விடணுமா? காரணத்தோட எழுதுங்க. "நமக்கு இதுதான் ஒத்துவரும்"னு ஒத்தை வரி போட வேண்டாம்.

ஆரல்வாய்க் காற்று
மடிச்சுதான் வைக்கணும். 30 செ.மீ. பட்டையா ஆறு மடிப்பு, முதுகுப் பக்கம் சொருகு. குத்துற சாமான் எதுவும் முதுகைத் தொடாது. தலைச்சுமடு தூக்குறவங்க சும்மாடு வைக்கிறது எதுக்கு? அதே வேலைதான்.

இன்னொண்ணு, நடுவழியில உக்காரணும்னா மடிச்ச பாயை ஒரு இழுப்புல எடுக்கலாம். அட்டைக்கடி இருக்கிற ஈரக்காட்டுல இது சின்ன விஷயம் இல்லை. சுருட்டுப்பாய் கட்சிக்காரங்க பாயை எடுக்கணும்னா பையைக் கவிழ்த்துக் கொட்டணும். மழையில கொட்டிப் பாருங்க.

தொட்டிப்பாலம்
சும்மாடு உவமை இங்க பொருந்தாது மக்கா. சும்மாடு அழுத்தத்தைப் பரப்பும், அவ்வளவுதான். பை கீழே உக்காராம நிமிர்ந்து நிக்கிறது வேற சங்கதி.

ஆறு மடிப்பு 8 மி.மீ. பாய்னா 4.8 செ.மீ. தடிமன். அவ்வளவு தூரம் மொத்தப் பாரமும் முதுகை விட்டுப் பின்னால போகுது. சுருட்டினா முதுகுப் பக்கம் ரெண்டு அடுக்கு, 1.6 செ.மீ.தான். வித்தியாசம் 3.2. பைக்குள்ள 8 கிலோ, முதுகு நீளம் 45 செ.மீ.னு வச்சுக்கிட்டா, 8 × 3.2 ÷ 45. தோளை அரைக் கிலோவுக்கு மேல கூடுதலா பின்னால இழுக்கும். நாள் முழுக்க.

அடுத்தது விறைப்பு. நாலு அடுக்கு ஃபோம் ஒண்ணு மேல ஒண்ணு வழுக்கிக்கிட்டு இருந்தா விறைப்பு நாலு மடங்குதான் கூடும். அதே நாலும் வழுக்காம ஒட்டிக்கிட்டா 64 மடங்கு, ஏன்னா விறைப்பு தடிமனோட மும்மடியில போகும். மடிச்ச பாய் பைக்குள்ள வழுக்கும். அதனால தடிமன் கூடுற அளவுக்குப் பலம் கூடுறதில்லை. குழாய் அப்படியில்லை. ஒரு தாளை நிறுத்திப் பாருங்க, நிக்காது. சுருட்டி நிறுத்துங்க, மேல ஒரு டம்ளரே வைக்கலாம்.

ஆரல்வாய்க் காற்று
டம்ளர் நிக்கும், முதுகு நிக்குமா? குழாய்னா உருண்டை. உருண்டை தட்டை முதுகுல ஒரு கோடு மாதிரிதான் ஒட்டும். பை இடமும் வலமும் உருளும். இறக்கத்துல ஒவ்வொரு எட்டுக்கும் தள்ளும். இதுக்குப் பதில் சொல்லுங்க.

வழுக்குறதுக்கும் மருந்து இருக்கு. பையோட உள்முதுகுல ரெண்டு இலாஸ்டிக் பட்டை குறுக்கே தைச்சு, மடிச்ச பாயை இறுக்கமா சொருகினா அடுக்குகள் நகராது.

கடுக்கரைக்காரி
ரெண்டு பேரும் ஒரு விஷயத்தைத் தொடவே இல்லை. ஃபிரேம் இல்லாத பைக்கு ஃபிரேம் பாய் இல்லை, அடைச்ச சாமான். பை முட்ட நிறைஞ்சிருந்தா பாய் இல்லாமலே நிக்கும். பாதி காலியா இருந்தா எந்தப் பாயும் காப்பாத்தாது.

இந்தப் பைகளோட பாடம் எல்லாம் குளிர் தேசத்துல எழுதினது. "தூக்கப்பையை (ஸ்லீப்பிங் பேக்) உறையில போடாம அடியில தளர்வா அடை, மூலையெல்லாம் நிரம்பும்"னு சொல்வாங்க. குளிருக்கான தூக்கப்பை தானே எட்டுப் பத்து லிட்டரை விழுங்கிடும். நம்ம குமரிப் பக்கம் கீரிப்பாறைக்கும் பேச்சிப்பாறைக்கும் யார் தூக்கப்பை தூக்குறது? ஒரு பருத்தி விரிப்பு, ஒரு லுங்கி, மேல் கோதையாறு உயரத்துக்குப் போனா ஒரு கம்பளிச் சால்வை.

கணக்குப் போடுங்க: விரிப்பும் சால்வையும் 3 லிட்டர், மாத்துத்துணி 3, தார்ப்பாய் 2, சட்டி 1, சாப்பாடு 4, சில்லறைச் சாமான் 2. மொத்தம் 15. முப்பது லிட்டர் அறையில பதினஞ்சு லிட்டர். சாமான் எல்லாம் அடியில குவிஞ்சு பை பேரிக்காய் வடிவத்துக்கு வரும். பாரம் இடுப்புக்குக் கீழ தொங்கும், தோள் பட்டை மேல இருந்து இழுக்கும். மட்டிப்பழம் சொன்ன முதல் ரெண்டு புகாருக்கும் இதுதான் வேர்.

பையைச் சின்னதாக்குங்க. உள் அறை 20 லிட்டர் போதும்.

மட்டிப்பழம்
வாங்கின பையை வெட்டவா முடியும் அக்கா?

கடுக்கரைக்காரி
வெட்ட வேண்டாம். அங்கதான் சுருட்டுப்பாய் உதவும். 8 மி.மீ., 50, 180 பெருக்குங்க: 7.2 லிட்டர். பாயை உள்ளே விட்டா அறை 22-க்கு வந்திடும். ஆரல்வாய் சொல்ற மடிப்பும் அதே 7.2 லிட்டரைத்தான் அடைக்கும். ஆனா ஒரே பக்கமா அடைக்கும், குழாய் சுத்துவட்டமா அடைக்கும். சாமானைச் சுத்திச் சுவர் இருந்தாதான் அது மேல எழும்பும்.

சுமைதாங்கி
இவ்வளவு பாடு எதற்கு என்று கேட்கிறேன். 6 மி.மீ. அலுமினியக் கம்பி, 55 செ.மீ. நீளம், எடை 42 கிராம். இரண்டு போட்டால் 84. அதைச் சொருக இரண்டு துணிக்குழல். நூறு கிராமுக்கு உள்ளே விஷயம் முடிந்துவிடும். அந்த நூறைக் குறைக்க இத்தனை வடிவியல் தேவையா?

சிவாலய ஓட்டக்காரர்கள் முன்சிறை திருமலையிலிருந்து திருநட்டாலம் வரை பன்னிரண்டு கோயிலுக்கு ஓடுகிறார்கள். கையில் விசிறி, இடுப்பில் சிறு பை. எடை குறைப்பது என்றால் அது. மற்றதெல்லாம் பாதி வழி.

தொட்டிப்பாலம்
சிவாலய ஓட்டத்துல வழி நெடுக மோரும் கஞ்சியும் கொடுக்க ஆள் நிக்கும் அண்ணாச்சி. காட்டுல நிக்காது.

கம்பி விஷயம்: கம்பி பாரத்தைச் சுமக்காது, கடத்தும். மேல இருந்து வாங்கிக் கீழ எங்கேயோ இறக்கணும். கீழ நல்ல பஞ்சு வச்ச, விறைப்பான இடுப்புப் பட்டை இருந்தா இடுப்பெலும்புக்கு இறங்கும். 20 மி.மீ. நாடாவுல இறக்க முடியாது. கம்பி நுனி துணியைக் கிழிச்சுக்கிட்டு வெளியே வரும், இல்லன்னா பிட்டத்துல குத்தும். ஆக 84 கிராம் கணக்கு தப்பு. பட்டையும் அதைப் பிடிக்கிற அடிப்பாகமும் சேர்த்தா முந்நூறு நானூறு கிராம் ஆயிடும். அப்போ அது வேற பை.

சுமைதாங்கி
ஒப்புக்கொள்கிறேன், அது வேறு பைதான். ஆனால் எல்லை ஒன்றைச் சொல்லிவிடுங்கள். எத்தனை கிலோ வரை இந்த வித்தை செல்லும்?

தொட்டிப்பாலம்
9 கிலோ வரை சுகம். 11 வரை சகிக்கலாம். அதுக்கு மேல நீங்க சொல்றதுதான் சரி. தண்ணி கிடைக்காத கோடை மாசத்துல நாலு லிட்டர் சுமக்கணும்னா அந்தப் பயணத்துக்கு ஃபிரேம் உள்ள பையை எடுங்க.

இப்போ ஆரல்வாயோட உருண்டைக் கேள்விக்கு வர்றேன். நியாயமான கேள்வி. குழாயை வட்டமா விடக்கூடாது, பெட்டியா மாத்தணும். பாயை 126 செ.மீ.க்கு வெட்டுங்க, தோள்ல இருந்து முட்டு வரை படுக்க அது போதும், காலுக்குக் காலிப் பையை விரிச்சுக்கலாம். ஒரு நுனியில இருந்து 30, 18, 30, 18 செ.மீ. அளந்து நாலு கோடு போடுங்க, கடைசியில 30 மிஞ்சும். ஒவ்வொரு கோட்டுலயும் வளைவுக்கு வெளிப்பக்கமா, பாதி ஆழத்துக்கு மட்டும், 4 மி.மீ., பிளேடால கீறுங்க. இரும்பு ஸ்கேல் வச்சு ஒரே இழுப்பு. ரெண்டாவது தடவை ஓட்டினா அறுந்திடும். முதல் 30-ம் கடைசி 30-ம் முதுகுப் பக்கம் ஒண்ணு மேல ஒண்ணு வரும். முதுகுக்கு ரெண்டு அடுக்கு, மத்த மூணு பக்கம் ஒரு அடுக்கு. ஓரம் முதுகெலும்பு நேரே வராது, மூலையில போய் நிக்கும். பாய் நுனி முதுகு நடுவுல வந்தா அந்த ஒரு வரம்பு போதும், நாள் முழுக்க உரசும்.

ஆரல்வாய்க் காற்று
கீறின இடம் எத்தனை நாள் தாங்கும்? தினம் ராத்திரி விரி, காலையில மடின்னா ஒரு சீசன்ல அஞ்சு துண்டாயிடும். ஃபோம் மேல டேப்பும் ஒழுங்கா ஒட்டாது.

தொட்டிப்பாலம்
அஞ்சு துண்டானா அஞ்சு துண்டாவே வைங்க, நஷ்டம் இல்லை. படுக்கும்போது வரிசையா போட்டு விரிப்பைச் சுத்தினா நகராது.

126-க்கு வெட்டினா உங்க மடிப்பும் நாலு அடுக்காக் குறையும், 3.2 செ.மீ. அப்போ நான் முதல்ல சொன்ன அரைக் கிலோ இழுப்பு பாதியாக் குறையுது. உங்க கட்சிக்கும் வெட்டுறது நல்லதுதான்.

கடுக்கரைக்காரி
அடுக்குற முறையை யாரும் எழுதலையே. பெட்டிப்பாய் உள்ளே போன பிறகு தடிச்ச பாலித்தீன் பை ஒண்ணு. உரச் சாக்குக்குள்ள இருக்குமே, அந்த மாதிரி தடிமன் வேணும். காய்கறிக்கடை கவர் முதல் மழையிலயே கிழியும்.

அடியில விரிப்பும் சால்வையும். உருட்டி வைக்காதீங்க, உருட்டினா உருண்டைக்குப் பக்கத்துல பொந்து விழும். கைநிறைய அள்ளித் திணிச்சு, முஷ்டியால ரெண்டு அடிமூலையையும் குத்தி நிரப்புங்க. ஒரு சாண் உயரம் வரணும். அது மேல சாப்பாட்டு மூட்டை, முதுகோட ஒட்டி. தோள்பட்டை எலும்பு ரெண்டுக்கும் நடுவுக்குச் சற்றுக் கீழ அதோட மையம் நிக்கணும். அவல், கருப்பட்டி, ஏத்தங்காய் வத்தல் எல்லாத்தையும் தனித்தனி ஜிப் கவர்ல முக்கால் பாகம் போட்டுக் காத்தை நீக்கித் தட்டையா அழுத்துங்க, செங்கல் மாதிரி அடுக்கலாம். கருப்பட்டியை முழு வட்டா கொண்டு போகாதீங்க, இடிச்சுத் தூளாக்கணும். முதுகுல குத்துற சாமான் பத்துல நாலு கருப்பட்டி, நாலு பவர் பேங்க். சட்டி சாப்பாட்டுக்கு முன்பக்கம், உள்ளே துணி அடைச்சு. மாத்துத்துணி இடுக்கையெல்லாம் அடைக்க. அன்னைக்கு வேண்டிய பொருள் மேல.

கடைசியா பாலித்தீன் கழுத்தைப் பிடிச்சுக்கிட்டுப் பையை நெஞ்சோட கட்டி அணைங்க. காத்து முழுக்க போகணும். பிறகு முறுக்கிச் சொருகுங்க. காத்து உள்ளே நின்னா பை பலூன் ஆகும், ஆரல்வாய் பயப்படுற உருண்டை அப்போதான் வரும். மேல்வாய் மூணு சுத்து, பக்கவாட்டு நாடாவை அடியில இருந்து மேல இறுக்கணும். மேல இருந்து இறுக்கினா சாமான் கீழ இறங்கிடும்.

பெருவிரலால முதுகுப் பக்கத்தை அழுத்திப் பாருங்க. காய்ப்பதமா இருக்கணும், பழப்பதம் ஆகாது.

ஆரல்வாய்க் காற்று
அடுக்கு முறையில சண்டை இல்லை, கொள்ளாம். ஆனா மூணாம் நாள் சாப்பாடு தீர்ந்து பை இளைக்குமே. உங்க பெட்டிக்குள்ள பொந்துதான் மிஞ்சும். நம்ம மடிப்புக்கு அந்தக் கவலை இல்லை, நாடாவை இழுத்தா பை சுருங்கும்.

கடுக்கரைக்காரி
இது சரியான அடி. ஒத்துக்கிறேன். மூணாம் நாள் காலையில பாயைப் பெட்டியா விட வேண்டாம், மடிச்சுச் சொருகுங்க. அன்னைக்குப் பாரம் ஆறு கிலோவுக்குள்ள இருக்கும், இழுப்பு தெரியாது. முதல் நாள் பெட்டி, கடைசி நாள் மடிப்பு.

மட்டிப்பழம்
பை உக்காருதா இல்லையான்னு எப்படி அளக்கிறது?

தொட்டிப்பாலம்
நூல் போதும். தோள் பட்டை தைச்ச இடத்துல ஒரு நுனியைக் கட்டி, வெறும் பையில இடுப்பு நாடா வரை இழுத்து ஒரு முடிச்சு. முழுப் பாரம் ஏத்தி, மாட்டி, இடுப்பு நாடாவை இறுக்கி அரைமணி நேரம் நடந்த பிறகு வேற ஆளை விட்டு அதே நூலை இழுத்துப் பார்க்கச் சொல்லுங்க. முடிச்சு இடுப்பு நாடாவைத் தாண்டி 2 செ.மீ. வரை இறங்கினா விடலாம். 3-க்கு மேலன்னா பை உக்காந்திடுச்சு, பிரிச்சு அடுக்குங்க. இடுப்பு நாடாவை இன்னும் இறுக்கினா சரியாகும்னு நினைக்காதீங்க, வயிறுதான் வலிக்கும்.

சுமைதாங்கி
தண்ணீரை யாரும் பேசவில்லை. ஒரு லிட்டர், ஒரு கிலோ. ஒரு பக்கப் பாக்கெட்டில் மட்டும் வைத்தால் அந்தத் தோள் மாலையில் சொல்லும். அரை லிட்டர் பாட்டில் இரண்டைத் தோள் பட்டையில் முன்பக்கம் மாட்டினால் பின்னிழுப்புக்கு எதிர்ப்பாரம் கிடைக்கும். இரண்டையும் மாற்றி மாற்றிக் குடிக்க வேண்டும்.

நனைந்த தார்ப்பாயை வெளி வலைப் பாக்கெட்டில் திணிப்பதும் வழக்கம். நனைந்தால் எடை கூடும், அதுவும் முதுகுக்கு மிகத் தொலைவில். நீளவாக்கில் சுருட்டிப் பக்கவாட்டு நாடாவில் கட்டுங்கள். பாயை வெளியே குறுக்காகக் கட்டுவோருக்கும் ஒரு சொல்: ஆடி மாதம் முப்பந்தல் பக்கம் நடந்தால் காற்றாலைக்கு ஒரு இறக்கை கூடும்.

ஆரல்வாய்க் காற்று
என் பேரை வச்சே அடிக்கிறீரு அண்ணாச்சி.

மட்டிப்பழம்
கடைசிக் கேள்வி. வளைஞ்ச பிடி உள்ள கம்பிக் குடையைப் பைக்குள்ள நிறுத்தி வச்சா அதுவே ஃபிரேம் ஆகாதா? குடை எப்படியும் வேணும்.

தொட்டிப்பாலம்
ஆகாது. ஒத்தைக் கம்பி நடுவுல நின்னா முதுகெலும்பு மேல நேரே உக்காரும். ஓரத்துல நின்னா பை ஒரு பக்கமா முறுக்கும். 1990-கள்ல ஃபிரேம் இல்லாத பையைப் பரப்பின ரே ஜார்டினும் குடையைக் கையில பிடிக்கத்தான் சொன்னார், பைக்குள்ள நட இல்லை. தண்ணிப் பாட்டில் தோள்ல போயிட்டதால பக்கப் பாக்கெட் காலியாத்தான் இருக்கும். வளைஞ்ச பிடியைக் கீழ விட்டு, கம்பியை மேல்நாடாவுல ஒரு சுத்து. எந்தப் பக்கம் தார்ப்பாய் இல்லையோ அந்தப் பக்கம்.